தம்பியின் பழைய கேஸ்

தம்பி வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறான். சென்ட்ரலில் ஏறிய ஆளின் பையில் 22 கிலோ கஞ்சா. போலீஸைக் கண்டதும் அந்த ஆள் ஓடிவிட்டான், மாட்டியது தம்பி. 20 கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு. தண்டனை குறைந்தது 10 வருடம்.

அவன் மேல் பழைய கேஸ் ஒன்றும் உண்டு. நாலு வருடத்துக்கு முன் சிறிதளவு கஞ்சாவோடு பிடிபட்டு, ஒத்துக்கொண்டு அபராதம் கட்டியிருந்தான்.

ஜாமீனில் அதுதான் எங்களைக் கவிழ்த்தது. வணிக அளவு வழக்கில், வெளியே விட்டால் மறுபடி தப்பு செய்யமாட்டான் என்றும் நீதிபதி நம்ப வேண்டும் என்கிறது போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் 37-ஆவது பிரிவு. மனு தள்ளுபடி. 14 மாதம் புழல் சிறையில் இருந்தான்.

விசாரணையிலும் அதையே சொல்லித் தண்டித்துவிடுவார்கள் என்று பயந்தேன். தெரு அம்மன் கோயில் தர்மகர்த்தாவிடம் போய், "நல்ல பையன்னு கோர்ட்ல சொல்லுங்கய்யா" என்று கெஞ்சினேன். அவரும் சரி என்றார்.

வக்கீல் அம்மா பதறிவிட்டார். "அவரைக் கூட்டிட்டு வராதீங்கம்மா!" முன்பு செய்தான், அதனால் இப்போதும் செய்திருப்பான் என்று அரசுத் தரப்பு வாதாட முடியாதாம். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 54-ஆவது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 49. ஆனால் நாமே அவன் நல்லவன் என்று சாட்சி வைத்தால், பதிலுக்கு அவர்கள் பழைய தண்டனையைக் கொண்டுவரலாம். எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. எவ்வளவு பெரிய தப்பு செய்யப் பார்த்தேன்!

உண்மையான போராட்டம் வேறு இடத்தில் இருந்தது. பையில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியும் என்றே என்.டி.பி.எஸ். சட்டத்தின் 35-ஆவது பிரிவு எடுத்துக்கொள்கிறது. தெரியாது என்று நாங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கைதான முதல் வாரமே வக்கீல் அம்மா மனு போட்டு, அந்த ஆள் பையோடு ஏறும் கேமரா பதிவை அழியாமல் காப்பாற்றி வைத்திருந்தார்.

உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறப்பு நீதிமன்றத்தில் ஒரு வாய்தாவின்போது, விசாரணை அதிகாரி கூண்டில் நின்று, "இவர் மேல ஏற்கெனவே கஞ்சா கேஸ்..." என்று ஆரம்பித்தார். வக்கீல் அம்மா சட்டென்று எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி அதைப் பதிவு செய்யவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

தம்பி விடுதலையானான். அன்று சாயங்காலம் முதலில் தர்மகர்த்தா வீட்டுக்குத்தான் போனோம். அவரை ஏன் கடைசிவரை சாட்சிக்குக் கூப்பிடவில்லை என்று உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன்.