ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் தேர்வுக்கு எந்த வரிசையில் படிக்கலாம்?

சிங்கப்பூரின் துவாஸில் பம்ப், வால்வு விற்கும் ஒரு நிறுவனத்தின் ஷிப்பிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேலைக்குத் தேவைப்பட்டதால் சுங்கத்துறை நடத்தும் ஸ்ட்ராடிஜிக் கூட்ஸ் (ராணுவப் பொருட்களும், ஆயுதம் தயாரிக்கவும் உதவக்கூடிய சாதாரணப் பொருட்களும்) வகுப்புக்குப் போனேன். அதன்பின் மாலை நேரத்தில் வணிகக் காம்ப்ளையன்ஸ், அதாவது வணிகச் சட்டவிதிகளைப் பின்பற்றுவது பற்றிய படிப்பொன்றில் சேர்ந்து தேர்வும் எழுதினேன். இப்போது எங்கள் பிரிவுக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகள், "அக்கா, எந்த நோட்ஸ் படிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். எந்த நோட்ஸாக இருந்தாலும் சரி, எதை முதலில் படிக்கிறோம் என்பதுதான் இந்தப் பாடத்தில் பெரிய விஷயம்.

பெரும்பாலானோர் தடை விதிக்கப்பட்ட நாடுகளில் தொடங்குகிறார்கள். வடகொரியா, ஈரான், ரஷ்யா என்று மனப்பாடம் செய்தால் பாதிப் பாடம் முடிந்தது என்ற எண்ணம். ஆனால் எங்களுக்கு வந்த கேஸ் கேள்விகளில் சரக்கு அந்த நாடுகளுக்கு நேராகப் போகவே இல்லை. பக்கத்து நாட்டிலுள்ள ஏதோ ஒரு வர்த்தக நிறுவனத்துக்குப் போகும். அங்கிருந்து எங்கே என்பதுதான் கேள்வி. அதனால் பொருளில் தொடங்குங்கள். என்ன பொருள், கடைசியில் யார் கைக்குப் போகிறது, அவர் அதை வைத்து என்ன செய்வார், பணம் எந்த வழியாக வருகிறது என்று ஒவ்வொன்றாகப் போனால் சட்டங்கள் அதனதன் இடத்தில் புரிந்துவிடும்.

சிங்கப்பூரின் ஸ்ட்ராடிஜிக் கூட்ஸ் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் கீழ் வரும் பொருள் பட்டியல் நூற்றுக்கணக்கான பக்கம். பார்த்ததும் மலைக்க வேண்டாம், குறியீட்டைப் பிரிக்கத் தெரிந்தால் போதும். எங்கள் தொழிலில் வரும் 2பி350 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண் பொருளின் வகை. 2 என்றால் பொருட்களைப் பதப்படுத்தும் இயந்திரங்கள், 3 மின்னணுவியல், 4 கணினி, 5 தொலைத்தொடர்பும் தகவல் பாதுகாப்பும். அடுத்த எழுத்தில் ஏ என்றால் கருவி, பி சோதனை மற்றும் உற்பத்திச் சாதனம், சி மூலப்பொருள், டி மென்பொருள், ஈ தொழில்நுட்பம். அதற்கடுத்த எண் ஏன் கட்டுப்பாடு என்பதைச் சொல்கிறது: 0 ஆயுதங்களுக்கும் ராணுவத்துக்கு உதவும் பொருட்களுக்குமான பல நாடுகளின் வாசனார் ஏற்பாடு, 1 ஏவுகணை, 2 அணு, 3 ரசாயன, உயிரியல் ஆயுதங்களைத் தடுக்க உருவான ஆஸ்திரேலியா குழு, 4 ரசாயன ஆயுத உடன்படிக்கை. ஆக 2பி350 என்றால், ரசாயன ஆயுத ஆலைக்கும் உதவக்கூடிய உற்பத்திச் சாதனம்.

சாதாரண பம்ப் இதில் எப்படி வரும் என்று தோன்றும். சீல் (திரவம் கசியாமல் அடைக்கும் பாகம்) இல்லாத பம்ப், அல்லது பல சீல் கொண்ட பம்ப், அதன் அதிகபட்ச ஓட்டம் மணிக்கு 0.6 கன மீட்டரைத் தாண்டுகிறது, திரவம் படும் பாகங்கள் டைட்டானியம், டாண்டலம், ஃப்ளோரோபாலிமர் போன்ற அரிப்பைத் தாங்கும் பொருளால் ஆனவை என்றால் அது பட்டியலுக்குள் வந்துவிடும். கடுமையான அமிலத்தைக் கையாளும் எந்த ரசாயன ஆலைக்கும் இத்தகைய பம்ப் தேவைப்படும். அதே பம்ப் நச்சு வாயு தயாரிப்பவனுக்கும் வேண்டும்.

எங்கள் பிரிவுத் தம்பி ஒருவர், "எச்எஸ் கோடு 8413 போட்டாச்சே அக்கா, அப்புறம் என்ன?" என்று கேட்டார். தேர்வில் நிறைய பேர் மதிப்பெண் இழக்கும் இடம் இதுதான். சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்ணான எச்எஸ் கோடு, அது திரவப் பம்ப் என்பதைச் சொல்லும். எந்த உலோகம், எத்தனை சீல் என்பதைச் சொல்லாது. உங்கள் நிறுவனப் பொருளின் அளவுகள் உள்ள டேட்டாஷீட் ஒன்றை எடுத்து, பக்கத்தில் பட்டியலைத் திறந்து வைத்து, ஒவ்வொரு அளவாக ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த நோட்ஸும் அந்த ஒரு மாலையின் பயிற்சிக்கு ஈடாகாது.

பட்டியலில் இல்லாத பொருளுக்கும் கட்டுப்பாடு உண்டு. அணு, ரசாயன, உயிரியல் ஆயுதத்துக்கோ அவற்றைச் சுமக்கும் ஏவுகணைக்கோ போகிறது என்று தெரிந்தால், அதிகாரிகள் தெரிவித்தால், அல்லது சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் பெர்மிட் வேண்டும். 'கேட்ச்-ஆல்' என்று வகுப்பில் சொல்வது இதைத்தான். ஏற்றுமதி மட்டுமே சட்டத்துக்குள் வரும் என்றும் நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் கப்பல் மாறி வேறு நாட்டுக்குப் போகும் டிரான்ஷிப்மென்ட், தரகு, வெளிநாட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் தொழில்நுட்ப வரைபடம் எல்லாம் சேர்த்திதான். முதல் குற்றத்துக்கே 100,000 சிங்கப்பூர் வெள்ளி அல்லது பொருளின் மதிப்பில் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இதைப் படித்தபின் நாட்டுத் தடைகளுக்கு வாருங்கள், எளிதாக இருக்கும். 2022 மார்ச் 5 அன்று சிங்கப்பூர் ரஷ்யா மீது அறிவித்த தடையில் ராணுவப் பொருட்களோடு மின்னணுவியல், கணினி, தொலைத்தொடர்பு வகைகள் முழுவதும் அடங்கும். 3, 4, 5 என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு இதில் தனியாக மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. வடகொரியாவுடன் 2017 நவம்பர் 8 முதல் வணிகப் பொருள் எதையும் வாங்கவோ விற்கவோ கூடாது.

பணத்தின் வழியைப் படிக்க ஒரு வழக்கு போதும். 2017 ஜூலையில் சிங்கப்பூரின் சிஎஸ்இ குளோபலும் அதன் துணை நிறுவனம் சிஎஸ்இ டிரான்ஸ்டெல்லும் தடைகளை அமல்படுத்தும் அமெரிக்க நிதித்துறையின் ஓஃபாக் அலுவலகத்துடன் 12 மில்லியன் டாலருக்குச் சற்று மேல் செலுத்திச் சமரசம் செய்துகொண்டன. ஈரானிய எரிசக்தித் திட்டங்களுக்கான வேலை. நிறுவனமோ அமெரிக்க நிறுவனம் அல்ல. ஆனால் சப்ளையர்களுக்கான பணம் அமெரிக்க டாலரில் போனது, அதுவும் அமெரிக்க நிதி அமைப்பின் வழியாக. ஈரான் தொடர்பான பரிவர்த்தனையை அந்த வங்கி வழியாக அனுப்புவதில்லை என்று வங்கிக்கு எழுத்தில் உறுதியும் கொடுக்கப்பட்டிருந்தது. "நாங்கள் சிங்கப்பூர் நிறுவனம், அமெரிக்கச் சட்டம் எங்களைத் தொடாது" என்ற விடை ஏன் தவறு என்று எழுத இந்த வழக்கைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. உரிமை விஷயத்திலும் ஓஃபாக் விதி ஒன்று முக்கியம். சொத்து முடக்கப்பட்டோர் பட்டியலில் உள்ள ஒருவருக்கு 30 சதவீதம், அதே பட்டியலில் உள்ள இன்னொருவருக்கு 20 சதவீதம், சேர்த்து 50 சதவீதம் பங்கு என்றால், அந்த நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் அதுவும் முடக்கப்பட்டதுதான்.

வாடிக்கையாளரின் பெயரைத் தடைப் பட்டியல்களோடு ஒப்பிடும் பெயர்ச் சரிபார்ப்பை மட்டும் தயவுசெய்து அவசரமாகக் கடக்காதீர்கள். முகமது, இப்ராஹிம் என்ற பெயர்கள் நம் மக்களில் எத்தனை பேருக்கு இருக்கின்றன! ஆங்கிலத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரும் இல்லை. மென்பொருள் உடனே சிவப்பு காட்டும். பிறந்த தேதி, நாடு, முகவரி, பாஸ்போர்ட் விவரம் ஆகியவற்றை ஒப்பிட்டு, அவரா இல்லையா என்று முடிவுசெய்து, காரணத்தையும் எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். சிவப்பைப் பார்த்ததும் ஆர்டரை ரத்து செய்வது காம்ப்ளையன்ஸ் ஆகாது. ஒரு நேர்மையான வியாபாரியைக் காரணமில்லாமல் அவமதிப்பது அது.

தேர்வு எழுதும்போது சந்தேக அறிகுறியைக் குறிப்பிட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சரக்கைப் பெறுபவராக ஒரு ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பிவைக்கும் முகவர்) நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கிறது, விலை உயர்ந்த இயந்திரம் வாங்குகிறவர் நிறுவிக் கொடுப்பதையும் பயிற்சியையும் வேண்டாம் என்கிறார். சரி, அடுத்து நீங்கள் யாரிடம் என்ன கேட்பீர்கள்? எந்த ஆவணம் வரும்வரை சரக்கை நிறுத்துவீர்கள்? மதிப்பெண் அங்கேதான் கிடைக்கிறது. 2025 பிப்ரவரியில் சிங்கப்பூரில் மூன்று பேர் மீது சர்வர்கள் தொடர்பாக மோசடிக் குற்றச்சாட்டு பதிவானது. சரக்கு கடைசியில் யாருக்குப் போகும் என்று சப்ளையரிடம் பொய் சொன்னதாகத்தான் அந்தக் குற்றச்சாட்டு.

இன்னொன்று, பழைய நோட்ஸை வாங்கிப் படிப்பவர்களுக்கு. சிங்கப்பூர் பெர்மிட் ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஓஃபாக் விதியும் முன்பு 5 ஆண்டுதான். 2025 மார்ச் 12 முதல் அது 10 ஆண்டு.