ஒஹாயோல மான் வேட்டைக்கு துப்பாக்கியா வில்லா: நான் தேடித்தேடி கடைசில கிராஸ்போ எடுத்த கதை

அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ்ல என் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் குடும்பத்துக்கு ஹாக்கிங் கவுண்டி பக்கம் கொஞ்சம் காடு இருக்கு, வருஷா வருஷம் மான் வேட்டைக்குப் போவாங்க, நீயும் வாயேன்னு கூப்பிட்டார். சரின்னு சொல்லிட்டேன், ஆனா என்ன வாங்கறதுன்னு முடிவு பண்றதுக்குள்ள ஒரு கோடைக்காலமே போயிடுச்சு. நம்மாளுங்க சிலர் இதையே கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் மொத்தமா எழுதிடறேன்.

முதல்ல லைசென்ஸ். முதல் தடவை வாங்கறவங்க ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சிருக்கணும், இல்லன்னா அப்ரென்டிஸ் லைசென்ஸ் எடுத்துக்கிட்டு அனுபவசாலி ஒருத்தர் கூடவே போகணும். நான் கோர்ஸ் முடிச்சேன், முடிச்சது ரொம்ப நல்லதாப் போச்சு. மானுக்குத் தனி பெர்மிட். அடுத்தவங்க நிலத்துல போறதா இருந்தா எழுத்துல அனுமதி வாங்கி கைல வச்சிருக்கணும், நண்பர் நிலமா இருந்தாலும் அப்படித்தான்.

விசால இருக்கறவங்க இத மட்டும் நல்லா கவனிங்க. எச்1பி மாதிரி நான்-இமிக்ரன்ட் விசால இருக்கறவங்க ஃபெடரல் சட்டப்படி பொதுவா துப்பாக்கியும் தோட்டாவும் வச்சுக்கவே கூடாது. ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகற ஹன்டிங் லைசென்ஸ் இருந்தா அதுக்கு விதிவிலக்கு உண்டு, லைசென்ஸ் எக்ஸ்பயர் ஆச்சுன்னா விதிவிலக்கும் போச்சு. ரேஞ்சுல வாடகைத் துப்பாக்கி எடுத்துச் சுடறதுக்கும் இதே விதிதான், அதனால நண்பர்கள் கூட்டிட்டுப் போறாங்கன்னு சும்மா போயிடாதீங்க, முதல்ல ஒரு லாயர்கிட்ட கேட்டுக்கோங்க. கிரீன் கார்டு இருந்தா மத்தவங்க மாதிரியே வாங்கலாம், கடைல 4473ன்னு ஒரு ஃபெடரல் ஃபார்ம் நிரப்பணும், கடைக்காரர் எஃப்பிஐ மூலமா பின்னணி செக் போடுவார், "டிலேய்டு"ன்னு வந்தா சில நாள் காத்திருக்கணும். வில்லும், துப்பாக்கி மாதிரி தோள்ல வச்சு ட்ரிகர இழுத்து அம்பு விடற கிராஸ்போவும் இந்தச் சட்டத்துல துப்பாக்கிக் கணக்குலயே வராது.

துப்பாக்கின்னு போனா ஒஹாயோ சட்டமே பாதி வேலைய முடிச்சுக் குடுத்துடுது. படத்துல பாக்கற மாதிரி .30-06, .308 ரைஃபிள் தோட்டாவெல்லாம் இங்க மானுக்குக் கிடையாது. ஸ்லக் (ஒத்தைப் பெரிய குண்டு) போட்ட ஷாட்கன், குழல் வாய் வழியா மருந்தும் குண்டும் கெட்டிக்கற மஸில்லோடர், அப்புறம் 2014லேர்ந்து ஸ்ட்ரெய்ட்-வால் தோட்டா, அதாவது கழுத்துப் பக்கம் குறுகாம நேரா இருக்கற தோட்டா போடற ரைஃபிள், முக்கியமா இந்த மூணுதான். நண்பரோட 12 கேஜ் ஷாட்கன்ல ஸ்லக் போட்டு சுட்டுப் பாத்தேன், தோள்ல வாங்கற உதை சாதாரணம் இல்ல, ரெண்டாவது ரவுண்டுலயே ட்ரிகர இழுக்கறதுக்கு முன்னாடி கண்ணு தானா மூடுது, அப்படி உடம்பு பயப்படற ஆயுதத்தால ஒரு உயிர சுத்தமா எடுக்க முடியாது. அடுத்து அந்த ஸ்ட்ரெய்ட்-வால் வகைல .350 லெஜண்ட் பாத்தேன், வின்செஸ்டர் 2019ல கொண்டுவந்தது, உதை ரொம்பக் கம்மி, நூறு கஜத்துல டார்கெட்ல குண்டெல்லாம் ஒரே இடத்துல போய் உக்காந்துச்சு. உண்மையச் சொன்னா அன்னைக்கே வாங்கிடலாம்னுதான் இருந்தேன்.

ஆனா சீசன் கணக்கப் பாருங்க. துப்பாக்கி சீசன் தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச திங்கக்கிழமை ஆரம்பிச்சு ஒரு வாரம், அப்புறம் டிசம்பர்ல ஒரு வீக்கெண்ட். வில் சீசன் செப்டம்பர் கடைசில ஆரம்பிச்சு பிப்ரவரி முதல் வாரம் வரைக்கும். என்ன மாதிரி சனி ஞாயிறு மட்டும் கிடைக்கற ஆளுக்கு இது பெரிய வித்தியாசம். அதோட வீட்ல சின்னப் பசங்க, துப்பாக்கி வீட்டுக்குள்ள வரவே வேணாம்னு மனைவி சொன்னா, சேஃப் வாங்கிடலாம்னு நான் சொன்னாலும் அவ சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு.

அதனால வில்லுக்கடைக்குப் போனேன். காம்பவுண்ட் வில் (ரெண்டு முனையிலயும் சக்கரம் வச்ச, கையால இழுக்கற வில்) வாங்கறதுன்னா சட்டை அளவெடுக்கற மாதிரிதான், ரெண்டு கையையும் விரிச்சு நிக்கச் சொல்லி அளந்து அத 2.5 ஆல வகுத்தாங்க, எனக்கு 67 இன்ச், அதாவது ட்ரா லெங்த், நாண முழுசா இழுக்கற தூரம், கிட்டத்தட்ட 27 இன்ச். சட்டப்படி குறைஞ்சது 40 பவுண்ட் இழுவை இருக்கணும். அப்புறம் அந்தக் கடைக்காரர் ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி விரல்களுக்கு நடுவுல ஒரு சின்ன ஓட்டை விட்டு, தூரத்துல இருக்கற கடிகாரத்த அது வழியாப் பாக்கச் சொன்னார். பாத்துக்கிட்டே இடது கண்ண மூடினேன், கடிகாரம் காணாமப் போச்சு. நான் வலது கைக்காரன், ஆனா என் கண்ணுல இடதுதான் மேலோங்கி இருக்கு. காம்பவுண்ட்ல இது பெரிய தொந்தரவு, ஒண்ணு இடது கையால இழுத்துப் பழகணும் இல்ல ஒவ்வொரு தடவையும் கண்ண மூடிக்கணும். நல்லாப் பழக வாரத்துக்கு பல நாள் அம்பு விடணும், அந்த நேரம் என்கிட்ட இல்ல. இந்த ஒரு டெஸ்ட யாரும் விட்டுடாதீங்க, எது வாங்கினாலும் சரி.

கிராஸ்போக்கு ஸ்கோப் இருக்கு, இடது கண்ண மூடிட்டுப் பாத்தாப் போதும். ஒஹாயோல வில் சீசன் முழுக்க அனுமதி உண்டு, 75 பவுண்டுக்குக் குறையாம இருக்கணும், அம்பு முனை முக்கால் இன்ச் அகலமாவது, ரெண்டு வெட்டு முனையோட இருக்கணும். எடுத்துட்டேன்.

பழகறப்போ ரெண்டு விஷயம் மனசுல பதிஞ்சுது. நாண் ஏத்தற கயித்த ரெண்டு கையாலயும் சமமா இழுக்கணும், ஒரு பக்கம் துளி கூடினாலும் அம்பு அந்தப் பக்கத்துக்கு ஏத்த மாதிரி விலகும், நாண் நடுவுல மார்க்கரால கோடு போட்டு வச்சிருக்கேன். இன்னொண்ணு, முன் கை கட்டைவிரல் அம்பு ஓடற தண்டவாளத்துக்குக் கீழயே இருக்கணும், மேல வந்தா நாண் விரல எடுத்துட்டுப் போயிடும். அம்பு இல்லாம விடவே கூடாது, வில்லு உடைஞ்சுடும். மரத்து மேல ஸ்டாண்டுல உக்காரப் போறீங்கன்னா கீழ விழாம தாங்கற ஹார்னஸ் பெல்ட் கட்டாயம், கிராஸ்போவ அம்பு மாட்டாம கயித்துல கட்டி மேல இழுத்துக்கணும்.

இவ்வளவு சக்தி இருந்தாலும் நான் வச்சிருக்கற எல்லை 30 கஜம். நாண் விடற சத்தத்துக்கே மான் உடம்பத் தாழ்த்திடும், தூரம் கூடக்கூட அம்பு தப்பான இடத்துல பட்டு அது காயத்தோட ஓடற வாய்ப்பு கூடும், அது எனக்கு சுத்தமா வேணாம். பக்கவாட்டுல நிக்கணும், முன்னங்காலுக்குச் சத்தே பின்னாடி, நெஞ்சுல நுரையீரல் இருக்கற இடம். நேருக்கு நேர் நிக்கறப்போ அம்பு விடறதே இல்ல. விட்ட பிறகு அரை மணி நேரமாவது அசையாம உக்காரணும், அப்புறம்தான் ரத்தம் தேடி இறங்கணும். இளஞ்சிவப்பா நுரையோட இருந்தா நுரையீரல்ல பட்டிருக்கு, மான் பக்கத்துலயே கிடக்கும். கருப்பா, பச்சைத் துணுக்கோட நாத்தம் அடிச்சா குடல், பல மணி நேரம் விட்டுட்டுதான் தேடணும். எனக்கு முதல் மான் நவம்பர்ல கிடைச்சுது, நுரைதான், ஓடை தாண்டறதுக்குள்ளயே விழுந்துடுச்சு. மறுநாள் மதியத்துக்குள்ள கேம் செக், அதாவது மான் கிடைச்சத மாநிலத்துகிட்ட பதிவு பண்ணணும், ஆன்லைன்லயே முடிச்சோம், கறிய நண்பர் குடும்பத்தோட பங்கு போட்டுக்கிட்டோம், மனைவி மிளகு போட்டு வறுத்தா.

துப்பாக்கி வேணாம்னு யாருக்கும் சொல்லல. பரந்த வயல் ஓரமா உக்காரப் போறீங்க, 80, 100 கஜத்துலதான் மான் வரும்னா .350 லெஜண்ட்தான் சரி, கிராஸ்போ பத்தாது. அப்போ தோட்டா மட்டும் காப்பர்ல வாங்குங்க. ஈயத் தோட்டா உடம்புக்குள்ள பொடிப்பொடியா செதறி கறில கலந்துடும், 2008ல நார்த் டகோட்டால ஏழைங்களுக்கு தானமா வந்த மான் கொத்துக்கறிய எக்ஸ்ரே எடுத்துப் பாத்து ஈயம் இருக்குன்னு தூக்கிப் போடச் சொன்னாங்க. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனா சாப்பிடப் போறது நம்ம பசங்க.