ஜூரோங் காரிடாரிலிருந்து ஆர்எஸ்-44

நேற்று ராத்திரி ஆர்எஸ்-44 என்ற ரஷ்ய ஹாம் (அமெச்சூர் ரேடியோ) செயற்கைக்கோள் வழியாகச் சென்னை கிடைத்தது. ஐந்து வாட் ரேடியோ, கையில் பிடித்த ஆரோ ஆன்டெனா, வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) காரிடார். அவ்வளவுதான் என் நிலையம். இங்கே இதில் இறங்க நினைக்கிற ஹாம் நண்பர்களுக்கு உதவுமே என்று இதுவரை வந்த வழியை எழுதி வைக்கிறேன்.

கை பழகியது இந்தோனேசியாவின் லபான்-ஏ2 கோளில். 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி அதை ஏற்றிவிட்டது. பூமத்திய ரேகையை ஒட்டி 6 பாகைச் சாய்வில் சுற்றுவதால், நமக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை மேற்கே எழுந்து கிழக்கே இறங்கும். ஐரோப்பாக்காரர்கள் கண்ணில் அது படவே படாது. சிங்கப்பூரில் இருப்பதால் கிடைத்த வரம் என்றே சொல்வேன். அது எஃப்எம், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஆனால் கோளின் பின்னாலேயே ஆன்டெனாவை நகர்த்தவும், சிக்னல் மங்கும்போது மணிக்கட்டைத் திருப்பவும் அங்கேதான் கற்றேன்.

லீனியர் டிரான்ஸ்பாண்டர் வேறு விஷயம். ஆர்எஸ்-44 தன் காதில் விழும் 145.935 முதல் 145.995 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை மொத்தமாக 435.610 – 435.670 பக்கம் தூக்கிப்போட்டுத் திருப்பி அனுப்புகிறது. அந்த 60 கிலோஹெர்ட்ஸில் பல பேர் பக்கம் பக்கமாக ஒரே சமயத்தில் பேசலாம். அதோடு, அது தலைகீழாக்கி அனுப்பும். மேலே எல்எஸ்பி (கீழ் சைட்பேண்ட்) போனால் கீழே யுஎஸ்பி (மேல் சைட்பேண்ட்) வரும். நாம் அலைவரிசையை ஏற்றினால் கேட்கும் இடம் இறங்கும். டாப்ளரை (கோளின் வேகத்தால் அலைவரிசை விலகுவதை) விட்டுவிட்டுப் பார்த்தால் இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் 581.605. அந்த எண்ணை ரேடியோவின் நெற்றியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

டாப்ளரை விட முடியாதே! கோள் எழும்போதும் இறங்கும்போதும் 435-இல் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விலகும், 145-இல் 3-ஐ நெருங்கும். தலைகீழ் என்பதால் ஒன்றில் கொஞ்சம் மற்றொன்றில் கழிந்துபோகிறது. மிச்சமே 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். சைட்பேண்டில் சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளினாலே பேச்சு புரியாது. கிப்ரெடிக்ட் மென்பொருள் இரண்டு பக்கத்தையும் நகர்த்தித் தரும். ஆனாலும் முதலில் கையால் பழகுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது அப்போதுதான் மனதில் ஏறும்.

கையால் பழகுவது என்றால், தன் குரலைத் தானே தேடிப் பிடிப்பது. ஆளில்லாத இடமாகப் பார்த்து அழைப்புக்குறியைச் சொல்லிக்கொண்டே கணினியில் செருகிய ஆர்டிஎல் டாங்கிள் ரிசீவரின் அலைத் திரையைப் பார்ப்பேன். நான் வாயைத் திறக்கும்போது மட்டும் ஒரு மெல்லிய கோடு விழும். அதன்மேல் வைத்துத் திருப்பத் திருப்பக் கீச்சுக்குரல் இறங்கி, சட்டென்று என் குரலாகவே மாறும். கோள் அடிவானத்தில் இருக்கும்போது போய்த் திரும்ப ஏறக்குறைய 30 மில்லி வினாடி. காதில் ஒரு சின்ன எதிரொலி தெரியும். தலைக்கு மேல் வர வர அது ஒட்டிக்கொள்ளும். இதை முதல் தடவை கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஹெட்போன் கட்டாயம், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் ஏறி ஊளையிடும். இன்னொன்று: 145-இன் மூன்று மடங்கு 435. அனுப்பும்போது அந்த மூன்று மடங்கு அலையும் கொஞ்சம் கசிந்து, பக்கத்திலிருக்கும் ரிசீவர் செவிடாகிவிடும். நடுவே ஃபில்டர் போட்ட பிறகுதான் என் குரல் தெளிவாக வந்தது.

பவர் விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. 435.605-இல் மோர்ஸில் பீக்கன் (கோளின் அடையாள சிக்னல்) ஓடும். அதைவிட நம் குரல் உரக்க வந்தால் பவரைக் குறைத்தே ஆக வேண்டும். ஒருவர் கத்தினால் டிரான்ஸ்பாண்டர் மொத்தமாகத் தணிந்துகொள்ளும். நம்மைப்போல் ஐந்து வாட்டில் வருகிறவர்கள் அமுங்கிப்போவார்கள். அது பிறர் பங்கைப் பிடுங்குவது.

எங்கள் காரிடார் மேற்கு பார்த்தது. கிழக்கே எதிர் புளோக் வானத்தையே மறைக்கிறது. அதனால் ஜப்பான் கிடையாது; சுமத்ராவுக்கும் வங்கக் கடலுக்கும் மேலே போகிற பாஸ்கள்தான் எனக்கு. நேற்றையது அப்படி ஒன்று. அழைத்ததும் ஒரு விக்டர் யூனிஃபார்ம் (விஇயூ அல்ல, வியூ; இந்திய அழைப்புக்குறி) நிலையம் வந்தது, கிரிட் (இருப்பிடக் குறியீடு) என்கே03, அதாவது சென்னை. நான் ஓஜே11 கொடுத்துப் பெயரையும் சொன்னதும் அவர் தமிழுக்கு மாறிவிட்டார்.

"தம்பி, சிங்கப்பூர்ல எந்தப் பக்கம்?"

"ஜூரோங் வெஸ்ட்ணே."

"நல்லா கேக்குது. கொஞ்சம் மேல நகர்றீங்க, லேசா இறக்குங்க... ஆ, அப்படியே இருங்க."

ஹாம்சாட் காலத்து ஆளாம். இஸ்ரோ 2005 மே மாதம் ஏவிய கோள் அது. 2014 ஜூலையில் பேட்டரி போய் அடங்கும்வரை தினமும் அதில்தான் பேசுவாராம். இன்னொன்று அப்படி வராதா என்று இரண்டு பேருமே ஏங்கினோம்.

எனக்கு அடுத்தது ஏஓ-7 என்ற பழைய ஹாம் கோள். 1974 நவம்பரில் ஏவியது, 1981-இல் பேட்டரி செத்து மௌனமாகி, 2002-இல் தானாகப் பேச ஆரம்பித்தது. சூரிய ஒளி படும்போது மட்டும் வேலை செய்யும். அதன் பி முறையில் 432-இல் அனுப்பி 145-இல் கேட்க வேண்டும், ஆகவே அந்த மூன்று மடங்குத் தொல்லை இல்லை. கேபிளை மாற்றிக் கட்டத் தேவையான கனெக்டர்களை சிம் லிம் டவரில் வாங்கி வந்துவிட்டேன். சனிக்கிழமை மாலை மேற்கே ஒரு நல்ல பாஸ் இருக்கிறது; 145.950 பக்கம் காது கொடுங்கள்.