மூன்றாவது ஆள் வந்ததும் மறைந்துபோன குரல்

எங்கள் வாசகர் வட்டம் ஞாயிறு மாலை ஆறரைக்குக் கூடும். எல்லோரும் ஊரில் இருந்தவரை நூலகத் திண்ணை போதுமானதாக இருந்தது. பாதிப் பேர் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று போன பிறகு கூட்டம் இணையத்துக்கு மாறியது. நாங்கள் பயன்படுத்திய இலவசச் சேவை 40 நிமிடத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். எங்கள் கூட்டத்தில் பேச்சு சூடுபிடிப்பதே அப்போதுதான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒரு வரியை எடுத்து விரித்துக்கொண்டிருப்பார், திரை அணைந்துவிடும். மறுபடி எல்லோரையும் உள்ளே கொண்டுவருவதற்குள் "விடுங்க தம்பி, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

நாமே ஒரு சர்வரில் (இணையத்தில் எப்போதும் இயங்கும் கணினியில்) நிறுவிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளில், காணொளிக் கூட்டத்துக்கென்று இரண்டைப் பார்த்தேன். பிக்புளூபட்டன் வகுப்பறைக்கென்றே செய்தது. கரும்பலகை, வாக்கெடுப்பு எல்லாம் உண்டு. ஆனால் 16 ஜிபி நினைவகம் கேட்கிறது, எங்கள் உண்டியல் தாங்காது. ஜிட்சி மீட் சின்னக் கூட்டத்துக்கு 4 ஜிபியிலேயே ஓடிவிடும். 2003இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் தொடங்கிய திட்டம் இது. ஜிட்சி என்றால் பல்கேரிய மொழியில் கம்பிகள். ஜிட்சியின் பொதுத்தளத்திலேயே கூடலாம்தான். ஆனால் 2023 ஆகஸ்ட் முதல் அங்கே அறை திறப்பவர் கூகுள், ஃபேஸ்புக், கிட்ஹப் போன்ற ஒரு கணக்கில் நுழைய வேண்டும். நமக்கென்று ஓர் அறை வேண்டும் என்று முடிவு செய்து, உபுண்டு இயங்குதளம் போட்ட ஒரு சர்வரை மாத வாடகைக்கு எடுத்தேன்.

நிறுவுவது அரை மணி நேர வேலை. டொமைன் பெயரை, அதாவது தளத்தின் பெயரை, சர்வரின் ஐபி முகவரிக்குத் திருப்பிவிட்டு, ஜிட்சியின் மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்து, ஒரே கட்டளை. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தரும் பாதுகாப்புச் சான்றிதழையும் அதுவே வாங்கிக்கொண்டது. இந்தச் சான்றிதழைத் தள்ளிப்போடக் கூடாது. அதனால் கிடைக்கும் ஹெச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத தளத்துக்கு உலாவி கேமராவையும் மைக்கையும் தராது.

நானும் மனைவியும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து சோதித்தோம். படமும் குரலும் துல்லியம். அன்று இரவே ஆசிரியர் ஐயாவை அழைத்தேன். அவர் நுழைந்த கணத்தில் மூன்று பேருடைய படமும் இருண்டது, குரலும் நின்றது. அவர் வெளியே போனதும் எங்கள் இருவருக்கும் எல்லாம் திரும்பி வந்தது. மறுபடி வந்தார், மறுபடி இருள். ஆனால் அரட்டைப் பெட்டியில் மட்டும் "ஒன்றும் கேட்கவில்லை தம்பி" என்று அவர் தட்டியது ஒழுங்காக வந்து சேர்ந்தது.

இதில் இரண்டு இரவுகள் போயின. கேமரா அனுமதி, உலாவி, அவர் வீட்டு இணைப்பு என்று சம்பந்தமில்லாத இடங்களில் தேடினேன். விடை அந்த அரட்டை வரியிலேயே இருந்தது. இரண்டு பேர் மட்டும் இருந்தால் ஜிட்சி அவர்களை நேரடியாக இணைத்துவிடும், சர்வர் வழியாகப் படம் போகாது. மூன்றாமவர் வந்ததும் எல்லோருடைய படமும் குரலும் வீடியோபிரிட்ஜ் என்ற பாலத்தின் வழியே போக வேண்டும். சர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்களைப் போர்ட் என்பார்கள். யுடிபி, டிசிபி என்பவை தரவு போகும் இரண்டு முறைகள். அந்தப் பாலம் 10000 எண்ணுள்ள யுடிபி போர்ட்டில் காத்திருக்கிறது. அரட்டையோ 443ஆம் போர்ட் வழியாகப் போகிறது, அதனால்தான் அது தப்பித்தது. சர்வரில் அந்தப் போர்ட்டை டிசிபிடம்ப் என்ற கண்காணிப்புக் கருவியை வைத்துக் கவனித்தேன். ஒரு தரவுப் பொட்டலம்கூட வரவில்லை. உபுண்டுவின் தீச்சுவரில் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில்) சரியாகத் திறந்திருந்த நான், வாடகை சர்வரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இருந்த இன்னொரு தீச்சுவரில் 10000ஐ டிசிபி என்று கொடுத்திருந்தேன். யுடிபி என்று மாற்றிய சில நொடிகளில் பொட்டலங்கள் மளமளவென்று ஓடத் தொடங்கின. ஜிட்சி போடுகிறவர்கள் மூன்று கருவிகளை வைத்தே சோதியுங்கள். இரண்டு பேர் சோதனை பாலத்தைத் தொடுவதே இல்லை.

பாலத்தைப் பற்றி இன்னொன்று. வழக்கமான கூட்டத்தில் நம் குரல் குறியாக்கத்தோடுதான் பாலம் வரை போகிறது, ஆனால் அங்கே அவிழ்க்கப்பட்டு, மீண்டும் பூட்டப்பட்டு மற்றவர்களுக்குப் போகிறது. பாலம் யார் கையில் இருக்கிறது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

பிறகு பூட்டு. நிறுவியபடியே விட்டால் முகவரி தெரிந்த எவரும் நம் சர்வரில் அறை திறக்கலாம். ஜிட்சியின் உள்பகுதிகளான ப்ரோசடி, ஜிகோஃபோ, மீட் என்ற மூன்றின் அமைப்புக் கோப்புகளிலும் சிறு மாற்றம் செய்து, கடவுச்சொல் உள்ளவர் மட்டுமே கூட்டத்தைத் தொடங்கும்படி வைத்தேன். மற்றவர்கள் கூட்டத்தின் சுட்டியை (லிங்க்) தட்டி, பெயர் எழுதி வந்துவிடலாம், கணக்கு வேண்டாம். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. சிலருக்கு இணைப்பு மெதுவானது என்பதால் நுழையும்போது கேமரா அணைந்திருக்கும்படியும், படத்தின் தரம் 360 புள்ளி உயரத்தைத் தாண்டாதபடியும் வைத்தேன்.

முதல் ஞாயிறு பதினான்கு பேர் வந்தார்கள். ஆசிரியர் ஐயா 40 நிமிடம் ஆனதும் பழக்கத்தில் பேச்சை நிறுத்தி, "இருக்கீங்களா எல்லாரும்?" என்றார். இருந்தோம். எட்டே கால் வரை பேசினார்.

அவர் பேசுவதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று இப்போது ஆசை. ஜிட்சியில் அதற்கு ஜிப்ரி என்ற துணை மென்பொருள் இருக்கிறது. அது ஒரு குரோம் உலாவியைப் பின்னணியில் திறந்து, கூட்டத்துக்குள் தானும் ஓர் ஆளாக நுழைந்து பதிவு செய்யும். அதற்கு வேறொரு சர்வரே நல்லது. இந்த மாத உண்டியலை எண்ணிவிட்டு எடுக்கப்போகிறோம்.