தாத்தாவின் குரலில் தொடங்கும் ஆல்பம்

அமெரிக்காவின் கிராமிய மணம் கொண்ட கன்ட்ரி இசையைப் பாடும் ஸ்டர்ஜில் சிம்ப்சனின் இரண்டாவது ஆல்பமான 'மெட்டாமாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி மியூசிக்' பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 2014இல் வந்தது. கென்டக்கிக்காரர், கடற்படையிலும் ரயில் துறையிலும் வேலை பார்த்துவிட்டுப் பாட வந்தவர். தயாரிப்பாளர் டேவ் காப். ஆன செலவு சுமார் 4,000 டாலர்தான் என்கிறார்கள். கேட்டால் நம்ப மாட்டீர்கள்.

அவருடைய தாத்தா பேரனை அறிமுகப்படுத்தும் சில நொடிகளோடு ஆல்பம் தொடங்குகிறது. அடுத்ததாக 'டர்ட்டில்ஸ் ஆல் த வே டவுன்'. ஏசு, புத்தர், போதைப்பொருள் எல்லாம் ஒரே பாட்டில். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் பெரிய இசை நிறுவனங்கள் லாரியையும் பீரையும் பாடவைத்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படி எழுதத் தனி நெஞ்சுரம் வேண்டும். கடைசியில் தன்னைக் காப்பாற்றியது அன்பு மட்டுமே என்று அவர் முடிக்கும்போது, அதில் ஒரு துளி பாசாங்கு இல்லை.

என்னை உலுக்கியது 'த ப்ராமிஸ்'. எண்பதுகளில் வென் இன் ரோம் என்ற பிரிட்டிஷ் குழு சின்தசைசரில் துள்ளத் துள்ளப் பாடியது. சிம்ப்சன் அதை அப்படியே நிதானமாக்கிவிட்டார். முதலில் ஏறக்குறைய முணுமுணுப்பு. கடைசிப் பல்லவியில் அடிவயிற்றிலிருந்து எழும் ஓலம். அந்த ஏற்றத்துக்காகவே திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

கிட்டார் வாசித்த லாவுர் யோமெட்ஸ் எஸ்டோனியாக்காரர் என்பது இன்னொரு வியப்பு. கம்பிகள் மேல் ஒரு குழாயை வழுக்கி இசைக்கும் அவருடைய ஸ்லைடு வாசிப்பைத் தனியாகக் கவனியுங்கள்.

கிராமி விருது இவருடைய மூன்றாவது ஆல்பத்துக்குத்தான் கிடைத்தது. இருக்கட்டும், என் ஓட்டு இதற்கே.