ஓரத்தில் நிற்பவர்களுக்கும் பெயர் உண்டு

வாரப் பத்திரிகை ஒன்றின் படப் பிரிவில் வேலை பார்த்தபோது, திமுகவின் வரலாற்றைப் படங்களாலேயே சொல்லும் சிறப்பிதழுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கட்டுரைகள் கிடையாது. படமும் படக்குறிப்பும்தான். தலைவர்களின் முகங்களை வரிசையாக அடுக்கியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

பழைய பிரிண்டுகளின் பின்னால் பெரும்பாலும் 'அண்ணா, பொதுக்கூட்டம்' என்று பென்சிலில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். எந்த ஊர், எந்த வருஷம்? கொடிதான் கைகொடுத்தது. நடுவில் வட்டம் இருந்தால் திராவிடர் கழகம். மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு பாதியாக இருந்தால் திமுக, அதாவது 1949 செப்டம்பருக்குப் பிந்தைய படம். நடுவில் அண்ணாவின் உருவம் இருந்தால் அதிமுக, 1972 அக்டோபருக்குப் பிறகு. ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் ஏறக்குறைய கறுப்பாகத்தான் விழும். நிறம் மங்கிய பிரிண்டில் உருப்பெருக்கியை வைத்து, சுருண்டு கிடக்கும் துணியில் இரண்டு நிறமும் சேரும் கோட்டைத் தேட வேண்டும். கண் எரியும்.

கொடியே தெரியாத படங்களை எடுத்துக்கொண்டு ராயபுரத்தில் ஒரு மூத்த தொண்டரைப் பார்க்கப் போவேன். கட்சி தொடங்கியபோது மழையில் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா இருக்கும் அதே ராயபுரம். மேடையில் இருப்பவர்களை அவர் பார்க்கவே மாட்டார். விரல் நேராக ஓரத்துக்குப் போகும். "தம்பி, மைக் பக்கத்துல நிக்கிறது எங்க வட்டச் செயலாளர். இவரு பேரைப் போடுங்க, அண்ணா பேரு எல்லாருக்கும் தெரியும்" என்பார். அந்த இதழை எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது அவர் பேச்சில்தான்.

ஏனென்றால் ஓரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். எங்கள் பெட்டிகளில் பல படங்களின் மேல் சிவப்புப் பென்சில் கோடு இருந்தது. ஐம்பெரும் தலைவர்களில் ஒருவரான ஈ.வெ.கி. சம்பத் 1961இல் விலகினார். 1972இல் எம்.ஜி.ஆர். நீக்கப்பட்டார். கட்சியை விட்டுப் போனவர் அடுத்த முறை அதே படம் அச்சாகும்போது கோட்டுக்கு வெளியே போயிருப்பார். நான் முழு நெகட்டிவையே போட வேண்டும் என்று ஆசிரியரிடம் பிடிவாதமாக நின்றேன். படம் எடுத்த அன்று உடன் நின்றவர்தானே அவர்? குறிப்பில் அன்றைய பொறுப்பைப் போட்டால் போதும். ஆசிரியரும் சரி என்றார்.

வரலாற்றைப் பதிவு செய்ததோடு நிற்காமல், அதில் தானே இறங்கி வேலை செய்த படமும் உண்டு. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருந்த அவர் படம் போஸ்டராக ஊர் ஊராகப் போனது. பிரசாரத்துக்கே வர முடியாதவர் பரங்கிமலையில் ஜெயித்தார், கட்சியும் முதல் முறையாக ஆட்சிக்கு வந்தது. இந்தப் படத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தோம்.

நான் அதிக நேரம் செலவிட்டது அண்ணாவின் அமைச்சரவைப் பக்கத்தில். அண்ணாவோடு சேர்த்து ஒன்பது பேர், அதில் ஒரே பெண் சத்தியவாணி முத்து. ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்தவர், கட்சி தொடங்கிய நாளிலிருந்து இருந்தவர். 1974இல் அவரும் வெளியேறித் தனிக்கட்சி கண்டார். பழைய படக்குறிப்புகளில் 'அண்ணாவும் அமைச்சர்களும்' என்றே இருந்தது. நாங்கள் ஒன்பது பெயரையும் போட்டோம். அதற்கு இடம் வேண்டி, பக்கத்தில் இருந்த ஊர்வலப் படத்தை எடுத்துவிட்டோம்.

பத்திரிகைப் பெட்டிகளில் இருப்பது கொஞ்சம்தான். கிளைக் கழகப் படிப்பகங்களில் சட்டம் போட்டு மாட்டிய குழுப் படங்கள் இன்னும் எத்தனையோ ஊர்களில் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் சட்டத்திலிருந்து பிரித்து ஸ்கேன் செய்யுங்கள். அதில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் இருக்கும்போதே, இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதி வாங்கிவிடுங்கள்.