படங்கு இல்லாத சுவர்கள்

பெப்ரவரி 25, 2020, செவ்வாய்

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்துவிட்டது. 17ஆம் இலக்கம். ஜன்னல் ஓரம்.

பெப்ரவரி 26

பார்க்க விடுவது பகல் 12இலிருந்து 1 வரை, பிறகு 5இலிருந்து 6 வரை. நடுவில் நாலு மணித்தியாலம் சும்மா கிடக்கிறது. மஹியாவையில் சித்தி வீட்டுக்குப் போய்த் திரும்பலாம். போனால் சித்தி சோற்றைப் போட்டுக்கொண்டே "டொக்டர் என்னா சொன்னாரு?" என்பார். ஒன்றும் சொல்லவில்லை என்று எத்தனை தரம் சொல்வது. அதனால் நடந்தேன்.

நடக்க ஒரு சாட்டு வேண்டாமா. பழைய சீஆர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கண்டி டவுனைக் கோணல்மாணலாகக் கீறி, வாவியைப் போட்டு, படம் வரைந்த சுவர் கண்ட இடமெல்லாம் ஒரு புள்ளி வைத்தேன். இன்று ஏழு புள்ளி. சித்திர டீச்சருக்கு வேறென்ன பொழுதுபோக்கு.

அம்மா அரை இட்லி சாப்பிட்டாள்.

பெப்ரவரி 27

பதினொரு புள்ளி.

போன நவம்பர் 16 தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்கப் பையன்களும் பிள்ளைகளும் பெயின்ட் வாளியோடு தெருவில் இறங்கினார்களே, அந்தச் சுவர்கள்தான் எல்லாம். ராஜாக்கள், பத்துத் தலை இராவணன், துவக்கோடு ஒரு சிப்பாய், யானை, சிறுத்தை. சிறுத்தைக்கு எவரும் வஞ்சகம் செய்யவில்லை, மீசை முடி ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது. ஒரு ஒழுங்கையில் திமிங்கிலம்கூட இருக்கிறது. சுற்றிவர மலை, நடுவில் திமிங்கிலம். எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனால் மூன்று மாதம் தாங்கவில்லை. இங்கே பாதிச் சுவர் மண்ணைத் தாங்கிப்பிடிக்கிற சுவர். பின்னாலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அதன்மேல் எமல்ஷனை அப்பினால் கொப்புளம் போடும், பிறகு அப்பளம் மாதிரி உரியும். ஒரு ராஜாவுக்குக் கன்னம் முழுக்கப் பாசி. பச்சைத்தாடி.

தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண் இரண்டு இடத்தில் இருக்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரு கையால்தான் எடுக்கிறார்கள், பூப்பறிக்கிற மாதிரி, விரலை மடக்கி. நகத்தில் கறை இல்லை. செடி உரசாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற உரப்பைப் படங்கு இல்லை.

இதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

பெப்ரவரி 28

ஊசி போடக் கையில் நரம்பு பிடிபடவில்லையாம். மூன்று இடத்தில் குத்தியிருக்கிறார்கள். "மரத்த கைதானே, வலிக்கல" என்கிறாள்.

பெப்ரவரி 29, சனி

நாலு வருசத்துக்கு ஒரு தரம் வருகிற திகதி. நல்ல இடமாகப் போவோம் என்று திருத்துவக் கல்லூரிச் சிற்றாலயத்துக்குப் போனேன். சித்திர டீச்சர் என்றதும் கேட்டில் இருந்த ஐயா யாருக்கோ போன் பண்ணிக் கேட்டு உள்ளே விட்டார்.

சர்ச் என்று சொன்னால்தான் தெரியும். கல்தூண்களும் ஓட்டுக்கூரையுமாகக் கண்டி ராசாக்களின் கொலுமண்டபம் மாதிரித்தான் கட்டியிருக்கிறார்கள். உள்ளே டேவிட் பெயின்டர் என்ற ஓவியர் 1928க்கும் 1933க்கும் இடையில் வரைந்த நான்கு சுவரோவியங்கள். அவர் வீட்டார் நுவரெலியாவில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர்கள். மலைக்குளிர் தெரிந்த மனிசன். சிலுவையில் இருக்கிற யேசுவுக்குத் தாடி கிடையாது. முகம் மழித்த, ஒல்லியான, நம்ம ஊர்ப் பையன் ஒருவன். பின்னால் கண்டல் மரங்கள், சேற்றில் வேரூன்றி நிற்கின்றன. 1933இல் இதைப் பார்த்துவிட்டு முணுமுணுத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது சீடர்களின் காலைக் கழுவுகிற படத்துக்கு முன்னால். காலை வரைவது கஷ்டம். முகத்தில் ஏமாற்றலாம், காலில் ஏமாற்ற முடியாது. அட்டைக்குச் சவுக்காரம் தேய்த்துத் தேய்த்துப் போன ஒரு கால் 17ஆம் கட்டிலின் நுனியில் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பெருவிரல் நகம் கறுப்பு. கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த தழும்பு, புள்ளி புள்ளியாக, என் கொப்பி மாதிரி.

மாலையில் அம்மாவிடம் கண்டலைப் பற்றிச் சொன்னேன். "கடல்ல மரம் மொளைக்குமா?" என்றாள். அம்மா கடலைப் பார்த்ததில்லை. கூட்டிப்போகிறேன் என்று நான் சொன்னது நான் ஏ எல் படிக்கும்போது.

மார்ச் 1, ஞாயிறு

இன்றிலிருந்து தோட்டத்து ஆட்களுக்கு ஒரு நாள் பேருக்கு, அதாவது சம்பளம், ஆயிரம் ரூபாய் என்று ஜனவரியிலேயே அறிவித்தார்கள். இப்போது 700. அம்மா கட்டிலில் படுத்தபடியே, "போட்டாங்களாமா?" என்றாள். இல்லையம்மா.

மார்ச் 3

நேற்று நள்ளிரவோடு பாராளுமன்றம் கலைந்தது. ஏப்ரல் 25 தேர்தல். சித்தப்பாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். இனி இரண்டு மாதம் பேச விசயம் இருக்கிறது.

பரிசோதனைக்கு அம்மாவிடம் வெட்டி எடுத்த துண்டைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்களாம். ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகும்.

மார்ச் 5

தலதா மாளிகைக்குப் போனேன். பையைத் திறந்து காட்டி, ஐடியைக் காட்டி, பெயரைப் படித்த பிறகு இன்னொரு தரம் பையைத் திறந்து காட்டி. பழகிவிட்டது. கோபமும் வரவில்லை. 1998 ஜனவரி 25 அன்று குண்டு வெடித்த வாசல் அது. எனக்கு அப்போது நாலு வயசு, தோட்டத்தில் இரண்டு நாள் யாரும் டவுன் பக்கம் போகவில்லை என்று அப்பா சொல்வார். அந்த வெடியில் சுவர்ப்பூச்சு உதிர்ந்த இடத்தில், அடியில் இன்னொரு சித்திரம் இருந்தது தெரிய வந்ததாம். பழைய சுவரின் மேல் பூசிப் புதிதாக வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்தக் காலத்துப் பெயின்டரும் அதைத்தான் செய்கிறான்.

வெளியே வந்து வாவிக்கரைக் கட்டில் உட்கார்ந்து கடலை தின்றேன். அழுகை வந்தது. கடலையும் சொத்தை.

மார்ச் 6

அம்மா ஒரு வாய்தான் சாப்பிட்டாள்.

மார்ச் 9, போயா

தெகல்தொருவைக்குப் போய் வந்தேன். லேவெல்ல பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம். போயா, பௌர்ணமி நாள், என்பதால் வெள்ளை உடுத்த சனம், பூத்தட்டு, சில் என்கிற விரதம் எடுத்த ஆச்சிமார். ஒரு ஆச்சி என்னிடம் சிங்களத்தில் "தனியாவா வந்தீங்க மகள்?" என்று கேட்டு ஒரு வாழைப்பழம் தந்தார்.

ஒரு பெரிய பாறைக்குள் குடைந்த விகாரை. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தொடங்கியது, அதாவது 1700களின் பின்பாதி. மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சத்து ராசா, பௌத்த விகாரைக்குப் படம் போடுவித்திருக்கிறார். இதைச் சித்தப்பாவிடம் சொன்னால் ஒரு கிழமைக்குப் பேசுவார், சொல்லக் கூடாது. வரைந்தவர்களில் ஒருவர் தேவரகம்பொல சில்வதென்ன என்ற பிக்கு. முழுத் துறவு பெறாதவர்.

சுவர் முழுக்க நீள நீளமான பட்டிகள். கதை இடமிருந்து போய், முடிந்த இடத்தில் அடுத்த பட்டிக்கு இறங்குகிறது. ஒரே ஆள் ஒரே பட்டியில் ஐந்து தரம் வருவார். நடக்கிறார், கொடுக்கிறார், அழுகிறார், திரும்பவும் நடக்கிறார். பின்னணி எல்லாம் சிவப்பு. அந்தச் சிவப்புக்குச் சாதிலிங்கம் அரைத்திருக்கிறார்கள். பாட்டி நாட்டு வைத்தியத்துக்குச் சொல்லும் அதே சாதிலிங்கம், சிங்களத்திலும் அதே பெயர்தான். அடியில் பூசியது மக்குல் என்கிற வெள்ளைக் களிமண். சுவர் மூச்சுவிடும். அதனால்தான் 200 வருசத்துக்கு மேல் நிற்கிறது. எங்கள் எமல்ஷன் மூன்று மாதத்தில் முகத்தை உரிக்கிறது.

மேலே விதானத்தில் மாரனின் படை. புத்தரோடு சண்டைக்கு வருகிற பேய்களில் சிலர் கையில் துவக்கு! வரைந்தவர் தன் காலத்தில் கண்ட துவக்கைப் பேயிடம் கொடுத்துவிட்டார். சிரித்துவிட்டேன், ஆச்சி திரும்பிப் பார்த்தார். பார்த்ததை வரைந்திருக்கிறார் அந்த மனிசன். அவ்வளவு தூரத்துக் கதைக்குள்ளும்.

ஜாதகக் கதையில் வருகிற இளவரசன் வெஸ்ஸந்தரன் தன் இரண்டு பிள்ளைகளையும் தானமாகக் கொடுக்கிற இடத்தில் நிற்க முடியவில்லை. 5 மணிக்குள் வார்டுக்குப் போக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டேன். அப்போது மணி 2.

மார்ச் 10

சரி, எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் எங்கள் பாடசாலை மதிலிலும் ஒரு படம் போடச் சொன்னார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெயின்ட் கலக்கித் தந்தார்கள், நான் வரைந்தேன். கொழுந்து எடுக்கிற பெண். அம்மாவின் போட்டோவைப் பார்த்துத்தான் முகம் வைத்தேன். கூடைக் கயிறு நெற்றிக்கு மேல், தலையில் துணி மடிப்பு, எல்லாம் சரி. சேலைக்கு நல்ல மஞ்சள். எல்லாரும் வந்து செல்ஃபி எடுத்தார்கள்.

அம்மா மலையிலிருந்து இறங்கி அந்த வழியாக வந்தாள். ஈரம் சொட்டச் சொட்ட மதிலுக்கு முன்னால் நின்றாள். நான் பாராட்டை எதிர்பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

"பாப்பா, படங்கு எங்க?"

"வடிவா இல்லம்மா. சேலை மறைஞ்சிரும்."

"அப்ப இவ பெரட்டுக்கே போகல" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வராத ஆளை எல்லாரும் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னாள். பிறகு வீட்டுக்குப் போய்க் கொழுக்கட்டை அவித்தாள். அப்போதே வயிற்றுவலி இருந்திருக்கிறது, சொல்லவில்லை.

நான்தான் கண்டி முழுக்கப் புள்ளி வைத்துக்கொண்டு, கண்ட பையன்களுக்கெல்லாம் பிழை பிடித்துத் திரிகிறேன்.

மார்ச் 11

இத்தாலிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரிந்த சுற்றுலா வழிகாட்டி ஒருவருக்குக் கொரோனாவாம். நம் நாட்டு ஆட்களில் முதலாவது. வாவிக்கரையில் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிறவர்கள் இன்று ஒருவரும் இல்லை.

மார்ச் 12

நாளையிலிருந்து பாடசாலை மூடுகிறார்கள். லீவு முடிகிறதே என்று கிடந்து தவித்தேன். பிரச்சினை தானாகத் தீர்ந்தது.

பகல் அம்மாவுக்கு உசார். உட்கார்ந்திருந்தாள். கொப்பியைக் காட்டினேன். திமிங்கிலத்தைப் பார்த்து, "இது என்னா, மூடை மாதிரி" என்றாள். பிறகு நானே கேட்டேன், படங்கு எப்படிக் கட்டுறது என்று. பிறந்ததிலிருந்து தினமும் பார்த்த விசயம், கையால் கட்டத் தெரியாது.

கட்டிலிலிருந்து இறங்கினாள். வேண்டாமம்மா என்றேன். ஆஸ்பத்திரிப் போர்வையை எடுத்து உதறி, இடுப்பில் சுற்றினாள். மேல் விளிம்பை நாலு விரற்கடை மடித்தாள். வயிற்றுப் பக்கம் இரட்டையாக வர வேண்டும், செடி உரசுவது அங்கேதான். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண். அதற்குமேல் நீண்டால் இறக்கத்தில் கால் தடுக்கும். "முடிச்சு பின்னால போடக்கூடாது. கூடை உரசும். இந்தா, இடது பக்கம்." கயிறு இல்லாததற்கு அவள் தன் தலைமுடி ரிப்பனை அவிழ்த்து முடிந்து காட்டினாள். ஒரு சுற்று, ஒரு இழுப்பு, நுனியை உள்ளே செருகல். ஈரக்கையாலும் ஒரே இழுப்பில் அவிழ வேண்டுமாம். அட்டை ஏறினால் அவசரத்துக்கு.

நர்ஸ் மிஸ் வந்து, "அம்மே, எங்க வேலைக்குப் போறீங்க?" என்று சிரித்தார்.

இருபது தரமாவது வரைந்திருப்பேன் அந்த முடிச்சை. இன்னும் சரியாக வரவில்லை.

மார்ச் 14

நல்ல மழை. திமிங்கிலத்தின் வால் போய்விட்டது. சிறுத்தையின் தலைக்கு மேல் ஒரு வேட்பாளரின் போஸ்டர். உடம்பு சிறுத்தை, முகம் அண்ணன், கும்பிட்ட கை. ஒட்டியவன் வேண்டுமென்றே செய்திருப்பானோ.

மார்ச் 16

அரசாங்க லீவு. இனி ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள்தான். சித்தி வாசலில் நின்று டிபனைத் தந்துவிட்டுப் போனார்.

அம்மாவின் படங்கு வெள்ளை உரப்பை. நீல எழுத்து, பாதி அழிந்தது. சின்ன டின் நீலம் 1 வாங்க வேண்டும். பிரஷ் இருக்கிறது.

மார்ச் 17

பருப்பு கிலோ 65, டின்மீன் 100 என்று விலை வைத்துவிட்டார்கள். சித்தப்பா மூன்று கடை ஏறினார். விலை இருக்கிறது, பருப்பு இல்லை.

மார்ச் 18

நீலம் வாங்கிவிட்டேன்.

மார்ச் 19

ரிப்போர்ட் வந்திருக்கிறது. நாளைக்கு டொக்டர் பேசுவாராம்.

இரவு முழுக்கச் சித்தி வீட்டு மெழுகுச் சுவரில் ஈரம் படர்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒரு கறை இலங்கைப் படம் மாதிரி. மன்னார்ப் பக்கம் கொஞ்சம் உப்பியிருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

இன்று மாலை 6 மணியிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு, திங்கள் காலை வரை. கொழும்பில் வேலை செய்கிற தம்பி அங்கேயே மாட்டிக்கொண்டான், போனில் அழுகிறான். சித்தப்பா நாலு தரம் எடுத்துவிட்டார்: பஸ் நிற்கப் போகிறது, வந்துரு பாப்பா.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். மணி 3.40. பையில் நீல டின் சாய்ந்து மூடியோரம் கசிந்திருக்கிறது, கொப்பியின் மூலை நீலம். கண்டி வாவி இப்போதுதான் வாவி மாதிரி இருக்கிறது. முடிச்சு வந்துவிட்டது, நேற்று விடிய முன்னம், இருபத்து மூன்றாவதில். அம்மாவிடம் காட்ட வேண்டும்.

17ஆம் கட்டில் ஆள் யாரு என்று கூப்பிடுகிறார்கள்